9 எம்.எம். போதும், தம்பி

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆடி பிறந்தும் மழை இல்லை, காற்றுதான். பெரியவள் போன வாரம் பிள்ளைகளோடு வந்து போனாள். மற்ற சங்கதியெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

அன்றைக்கு நீ போனில், "அப்பா, இடுப்புல வச்சுக்கிறதுக்கு 9 எம்.எம். பிஸ்டல் நல்லதா, .45 நல்லதா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். மூன்று வாரம் ஆகிறது. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நான், அதில் ஆறு வருஷம் கோத் (ஆயுதக் கிடங்கு) சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவன். என் மகன் இதை என்னிடம் கேட்டதில் எனக்குப் பெருமைதான். ஏன் கேட்டாய் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 9 எம்.எம். போதும்.

.45 பெரிய குண்டு, ஒரே அடியில் ஆளைச் சாய்த்துவிடும் என்று நீ இருக்கிற டெக்சாஸில் சொல்ல நிறைய ஆள் இருப்பார்கள். அந்தப் பேச்சுக்கு வயசு நூறுக்கு மேல். பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் பட்டாளம் .38 ரிவால்வரால் சுட்டும் அந்த ஊர் மோரோ வீரர்கள் நிற்காமல் வந்தார்கள். அந்த அனுபவத்தில்தான் 1911-இல் .45 பிஸ்டலை எடுத்துக்கொண்டார்கள். அதே பட்டாளம் 1985-இல் 9 எம்.எம்.முக்கு மாறியது. கணக்கைப் பார். 9 எம்.எம். குண்டு 124 கிரெய்ன், அதாவது 8 கிராம். .45 குண்டு 230 கிரெய்ன், 15 கிராம். சின்னது வேகமாகப் போகும், பெரியது மெதுவாகப் போகும். குழாயை விட்டு வரும்போது இரண்டின் சக்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். அகலத்தில் வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் .45 பழைய மாடலில் மேகசினுக்கு (தோட்டா அடுக்கும் பெட்டி) ஏழு ரவுண்டு. அதே அளவு 9 எம்.எம்.மில் பதினைந்து வரை போகும்.

நீ கேட்ட பிறகு பக்கத்து வீட்டுப் பையன் போனில் எடுத்துக் கொடுத்ததையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். 1986 ஏப்ரலில் மியாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு கொள்ளைக்காரர்களோடு மோதினார்கள். 9 எம்.எம். குண்டு ஒன்று ஒருவனுடைய கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போயும், இதயத்தை எட்டுவதற்குள் நின்றுவிட்டது. அவன் அதற்கப்புறமும் சுட்டான். எஃப்.பி.ஐ.யில் இரண்டு பேர் செத்தார்கள். அதிலிருந்து 10 எம்.எம்., .40 என்று பெரிசு பெரிசாகப் போனார்கள். உதைப்பு தாங்காமல் பலருக்குக் குறி தவறியது. தோட்டாவும் அதற்குள் நன்றாகத் தேறிவிட்டது. 2015 வாக்கில் திரும்பவும் 9 எம்.எம்.முக்கே வந்துவிட்டார்கள். உடம்புச் சதை மாதிரி இருக்கும் ஜெலட்டின் கட்டியில் சுட்டால் குண்டு 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவு. அந்த அளவுக்குள் போய் நிற்கும் தோட்டாவா என்று பார்த்து வாங்கு.

இடுப்பில் வைப்பதற்கு ஹாலோ பாயிண்ட் போடு, முனையில் குழி இருக்கும், உடம்பில் பட்டதும் விரியும். பட்டாளத்தில் எங்களுக்கு அது கிடையாது. உடம்பில் விரியும் குண்டைச் சண்டையில் பயன்படுத்தக் கூடாதென்று 1899-லேயே ஹேக்கில் எழுதி வைத்துவிட்டார்கள். கல்கத்தாப் பக்கம் டம்டம்மில் செய்த குண்டுதான் அதற்குக் காரணம். ஆனால் உன் கடையில் முழு உலோக உறை போட்ட, விரியாத குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு போய், பின்னால் பால் வாங்க நிற்பவர் மேல் படும். பழகுவதற்கு உறை போட்டது வாங்கிக்கொள், அதில் 9 எம்.எம். விலையும் குறைவு. நிறையச் சுட்டுப் பழகலாம்.

இன்னொன்று உன் கை. வாய்க்கால் பாலத்தில் விழுந்ததிலிருந்து உன் வலது மணிக்கட்டு எப்படி என்று உனக்கும் எனக்கும் தெரியும். போன தடவை வந்தபோது தோசைக்கல்லைத் தூக்க இடது கையைத்தான் நீட்டினாய், பார்த்தேன். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் நகரும் மேல் பாகம், முழுசாகப் பின்னால் போகாது, காலி கேஸ் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். சின்னதாக இருக்கிறதே, பையில் போட்டுக்கொள்ளலாம் என்று குட்டித் துப்பாக்கியும் வாங்காதே. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். நடுத்தர அளவில் வாங்கு. அங்கே ரேஞ்சில் வாடகைக்கே கொடுப்பார்களாம். நாலைந்தைச் சுட்டுப் பார்த்துவிட்டு, எது கையில் நிற்கிறதோ அதை எடு. மணிக்கட்டைப் பார்த்துக்கொள்.

அங்கே 2021 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாமாமே. சட்டம் கேட்காவிட்டாலும் நீ வகுப்புக்குப் போ. இங்கே 9 எம்.எம்.மும் .45-உம் பொதுஜனத்துக்குத் தடை. .32 ரிவால்வருக்கே கலெக்டர் ஆபீஸ் படியை எத்தனை தடவை ஏற வேண்டும். உனக்குக் கிரீன் கார்டு வந்தபோது தெருவுக்கே லட்டு கொடுத்தேன். அது வந்து நீ வாங்குகிற பொருள் இதுதானா என்று அம்மா கேட்கிறாள்.

பூட்டி வை. வாங்கிவிட்டாயோ இல்லையோ, பூட்டுப் பெட்டியை முதலில் வாங்கு. ஆதிரைக்கு நாலு வயசு. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிப் பிஸ்கட் டப்பாவை எடுக்கிறாள் என்று நீதான் வீடியோ அனுப்பினாய். இடுப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியில் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில் வேண்டாம். பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது காரில் போட்டுவிட்டும் போகாதே, கார் கண்ணாடியை உடைத்து எடுத்துப் போகிறவன் முதலில் தேடுவது அதைத்தான். தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது 17 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் குற்றம். பூட்டி வை, தம்பி. வீட்டுக்குள் வந்ததும் மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழு, கண்ணால் பார், சுண்டு விரலை விட்டும் பார். "காலி கர்" (காலி பண்ணு) என்று பட்டாளத்து ஆர்டர் கேட்டால் தூக்கத்திலும் நான் அப்படித்தான் செய்வேன் என்று உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

சொல்லியிருக்கிறேன். செய்யவில்லை ஒரு நாள்.

நீ மூன்றாம் வகுப்பு. பேங்கில் காவல் வேலைக்காக நான் அந்த டபுள் பேரல் துப்பாக்கி வாங்கிய புதிது. உன்னைப் பெல்ட்டால் அடித்தேனே, அது உனக்கு மறந்திருக்காது. அன்று பட்டாளத்துக் கேன்டீனில் மதுக் கோட்டா வாங்கிய நாள். ட்யூட்டி முடிந்து துப்பாக்கியைக் காலி பண்ணாமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பீரோவில் பூட்டவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் சாய்த்துவிட்டுக் குடிக்க உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது நீ அதைத் தூக்க முடியாமல் டிரம் விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடி, அடுப்படிப் பக்கம் குறி பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

பிடுங்கி, மடக்கிப் பார்த்தேன். இரண்டு குழாயிலும் சிவப்புத் தோட்டா. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் பெல்ட்டை உருவினேன். நீ அழுதாய். அழுததற்கும் ரெண்டு போட்டேன், ஆம்பளப் பிள்ளை அழுவானா என்று. அம்மா ஓடிவந்து தடுத்தபோது "துப்பாக்கியத் தொட்டுட்டான்" என்று மட்டும் சொன்னேன். உள்ளே தோட்டா இருந்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது. உனக்கும் தெரியாது. தப்பு என்னுடையது. அடி வாங்கியது நீ.

அதற்குப் பிறகு நீ பயந்ததை என்னிடம் சொன்னதே இல்லை. வேலை போனதுகூட அம்மா வழியாகத்தான் எனக்கு வந்தது. கடைக்கு அந்த இரண்டு பேர் வந்ததும், உன்னைத் தரையில் குப்புறப் படுக்கச் சொன்னதும் அப்படித்தான் வந்தது. கவிதாவைக் கோபிக்காதே. ராத்திரியில் மூன்று தடவை எழுந்து கதவைப் பார்க்கிறாய் என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை எட்டு மணி, எனக்குச் சாயங்காலம் ஆறரை. கூப்பிடு. அம்மா கூழ் ஊற்றுகிறார்கள் என்று அம்மன் கோயிலுக்குப் போயிருப்பாள், வீட்டில் நான் மட்டும்தான். அன்று ராத்திரி என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல். எவ்வளவு நேரம் ஆனாலும் கேட்கிறேன். அழுதாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன். தோட்டா விஷயத்தை அவள் திரும்பி வந்ததும் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

மணிக்கட்டில் இன்னும் வீக்கம் வருகிறதா என்றும் சொல்.

அப்பா