தண்டல் வட்டி 15 சதவீதம்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரம் வருகிறது, வங்கிகள் முகாம் நடத்துகின்றன. 'சேமியுங்கள்' என்பதுதான் முதல் பாடம். பூவும் மீனும் விற்கும் பெண்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் சேமிக்கத் தெரியாமல் இல்லை. சீட்டுக் கட்டியே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள் அவர்கள். சொல்லித்தர வேண்டியது கடனின் உண்மையான விலையை.

சென்னையில் வழக்கமான தண்டலை, அதாவது தினம் வசூலிக்கும் கடனைப் பாருங்கள். 10,000 ரூபாய் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'நூற்றுக்குப் பதினைந்து' என்பார்கள். நுண்கடன் நிறுவனத்தின் குழுக் கடனுக்கு 24 சதவீதம் என்றதும் தண்டலே தேவலை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அந்த 15 வெறும் நூறு நாளுக்கு, 24 ஓராண்டுக்கு. அதோடு, தண்டலில் மறுநாளே அசலும் திரும்பிப் போக ஆரம்பிக்கிறது. ஐம்பதாம் நாளில் ஏறக்குறைய பாதிதான் நம்மிடம் நிற்கும். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம்!

இதைவிட மோசம், பாதியில் 'திருப்பி எடுப்பது'. எழுபதாம் நாளில் மறுபடி 10,000 கேட்டால், பாக்கி 3,000-ஐயும் புது வட்டி 1,500-ஐயும் கழித்து 5,500 தருவார்கள். அந்த 3,000-க்கு ஏற்கெனவே வட்டி கொடுத்தாயிற்று. இப்போது இரண்டாம் முறை கொடுக்கிறோம்.

'ஒரு ரூபாய் வட்டி'யும் இதே ரகம். 50,000 கடனுக்கு மாதம் 500 என்று 24 மாதத்துக்கு 12,000 வட்டி. தவணை 2,583 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீதம்தான் என்று தோன்றும். அசல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை என்பதால் உண்மையில் ஆண்டு வட்டி 21 சதவீதத்துக்கும் மேல்.

நுண்கடனில் ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகள் கடன் வாங்கியவர் பக்கம் நிற்கின்றன. ஆண்டு வட்டி விகிதத்தை எழுத்தில் தர வேண்டும், முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது, காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

இன்னொன்று. பிரதமர் காப்பீட்டுத் திட்டங்கள் இரண்டுக்கும் (ஆயுள் காப்பீடு 436, விபத்துக் காப்பீடு 20 ரூபாய்) மே கடைசியில் கணக்கில் 456 ரூபாய் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரீமியம் பிடிக்கப்படாமல் காப்பீடு நின்றுவிடும். பல குடும்பங்களுக்கு இது தெரிய வருவது சாவுக்குப் பிறகுதான். முகாம்கள் மே மாதத்திலும் நடக்கட்டும்.

காலை 11 மணிக்கு வங்கிக் கிளையில் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகிறவர் எப்படி வருவார்? இரவு ஏழு மணிக்கு மேல் குடியிருப்பிலேயே நடத்துங்கள். தண்டல் அட்டை, நுண்கடன் அட்டை, பாஸ்புக் மூன்றையும் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், வியாசர்பாடி