1915-க்கு உரிய முகம்

அன்புள்ள கண்ணு,

இண்டியானாபோலிஸுக்கு வேலை மாறிப் போகிறேன் என்று நீ சொன்னதும் அப்பாவுக்கு ரால்ஃப் டிபால்மா ஞாபகம்தான் வந்தது. இத்தாலியிலிருந்து சின்னப் பையனாக அமெரிக்கா வந்து, கார் ரேஸ் ஓட்டிப் பேர் வாங்கியவர்.

அந்த ஊரில் அவர் பேரைச் சொன்னால் 1912 கதையைத்தான் சொல்வார்கள். அங்கே வருடா வருடம் நடக்கும் 500 மைல் பந்தயம், 200 சுற்று. அதில் 196 சுற்று இவருடைய மெர்சிடிஸ்தான் முன்னால் போனது. முடிகிற நேரத்தில் இன்ஜினுக்குள் பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு உடைந்து வண்டி நின்றுவிட்டது. இவரும் மெக்கானிக் ஜெஃப்கின்ஸும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜெயித்தது ஜோ டாசன். கூட்டம் இவர்களுக்கும் கைதட்டியதாம்.

நல்ல கதைதான். ஆனால் டிபால்மா என்றாலே தோற்றவர் என்று ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம். 1914-இல் சாண்டா மோனிகாவில் வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயம். எதிரே பார்னி ஓல்ட்ஃபீல்டு, நல்ல வேகமான மெர்சர் வண்டியில். இவரிடம் இருந்தது பழைய மெர்சிடிஸ். ஓல்ட்ஃபீல்டு பார்க்கும்படி, பிட்டில், அதாவது வண்டியை நிறுத்தி டயர் மாற்றுகிற இடத்தில், நிற்கப்போவதாகத் தன் ஆட்களுக்குச் சைகை காட்டினார். அதை நம்பி ஓல்ட்ஃபீல்டு டயர் மாற்ற நிறுத்தினார். இவர் நிற்கவே இல்லை, கோப்பையோடு போய்விட்டார்.

அடுத்த வருடம் இண்டியானாபோலிஸில் மறுபடியும் மெர்சிடிஸ், மறுபடியும் கடைசிச் சுற்றுகளில் ராடு உடைந்தது! நாலு சிலிண்டரில் மூன்றை வைத்துக்கொண்டே ஓட்டி முதலாவதாக வந்தார். சராசரி மணிக்கு 89.84 மைல். அந்த ரெக்கார்டு 1922 வரை நின்றது. காலமெல்லாம் இன்ஜின் பிரித்துப் பார்த்தவன் சொல்கிறேன் கண்ணு, ராடு போன இன்ஜினை அணைந்துவிடாமல், முடுக்கிக் கெடுத்துவிடாமல் கோடு தாண்ட வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. 1912-ஐவிட எனக்கு இதுதான் பெரிது.

அப்புறம் 1919-இல் டேடோனா கடற்கரையில் பேக்கார்டு வண்டியை மணிக்கு 150 மைலுக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டினார். இண்டியானாபோலிஸில் மொத்தம் 612 சுற்று முன்னால் ஓடியிருக்கிறார். அறுபது வருடத்துக்கு மேல் யாரும் அதைத் தாண்டவில்லை. ஆனாலும் அங்கே ஜெயித்தது அந்த ஒரே தடவைதான். இவருக்குப் பக்கத்து சீட்டில் மெக்கானிக்காக உட்கார்ந்து தொழில் கற்ற இவருடைய சகோதரி மகன் பீட்டர் டிபோலோ 1925-இல் ஜெயித்தார். சராசரி 100 மைலைத் தாண்டி அந்தப் பந்தயத்தை முடித்த முதல் ஆள் அவர்தான்.

பந்தயம் நடக்கிற ஸ்பீட்வே மைதானத்து மியூசியத்தில் அந்தப் பந்தயத்தின் போர்க்-வார்னர் கோப்பை இருக்கிறது. ஜெயித்த எல்லாருடைய முகமும் அதில் வெள்ளியில் பதித்திருக்கும். லீவு கிடைக்கும்போது போய் 1915, 1925 இரண்டு முகத்தையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. பெரிதாகப் பிரிண்ட் போட்டு பட்டறையில் மாட்டப்போகிறேன்.

அன்புடன்,
அப்பா