பள்ளியோரம் ஒரு சுவர் கேட்கிறோம்: சாலைப் பொறியாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைத் துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகளைப் பற்றித் தாங்கள் அறியாதது இல்லை. எங்கள் பகுதிச் சாலையைக் கான்கிரீட்டில் புதிதாகப் போட்டபோது மகிழ்ந்தோம். ஆனால், வண்டி வழுக்காதிருக்க அதன் மேல் குறுக்காகக் கீறிய கோடுகளில் டிரெய்லர் சக்கரங்கள் உருளும்போது எழும் ஊளை, பழைய குண்டும் குழியுமான சாலையில்கூட நாங்கள் கேட்டறியாதது.

சாலையோரத்துப் பள்ளிக்கு ஒருமுறை வந்து பாருங்கள். லாரி நெருங்கும் ஓசை கேட்டதும் ஆசிரியை பாதி வாக்கியத்தில் நிறுத்தி, சாக்பீஸைப் பிடித்தபடி காத்திருக்கிறார். அது கடந்து, விட்ட இடத்தைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. சன்னலைச் சாத்தினால் பங்குனிப் புழுக்கத்தில் பிள்ளைகள் வாடிவிடுகிறார்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் பாடத்தைக் காதால் கேட்பதையே விட்டுவிட்டு, கரும்பலகையில் இருப்பதை மட்டும் பார்த்தெழுதப் பழகிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றின் சுற்றுப்புறமான அமைதி மண்டலத்துக்குப் பகலில் 50 டெசிபல், குடியிருப்புக்கு 55 டெசிபல் என்று வரம்பு வைத்திருப்பதைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருப்பதே வருத்தமளிக்கிறது.

நாங்கள் கேட்பது, பள்ளியின் முன்பாக ஒலியை உறிஞ்சும் ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர். வழவழப்பான சுவர் ஓசையை எதிர்வரிசை வீடுகள் மீது திருப்பிவிடும்; மணலைக் குறைத்து, ஜல்லிக்கிடையே துளைகள் இருக்கும்படி வார்த்த முகப்பிலோ அது உள்ளே நுழைந்து அடங்கும். அதற்கான ஜல்லியைத் தேடி மலையை உடைக்க வேண்டியதில்லை. கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தும் நிலையம் கொடுங்கையூரிலேயே இருக்கிறது. இடிபாடுகளில் பழைய கான்கிரீட்டை உடைத்துக் கிடைக்கும் ஜல்லியைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரை சேர்க்க, ஜல்லிக்கான இந்தியத் தரநிலையான 2016ஆம் ஆண்டின் ஐஎஸ் 383 இடமளிக்கிறது. பழைய டயர்த் தூளையும் கலக்கலாம். அதனால் வலிமை குறையும் என்பது உண்மையே. ஆகவேதான் கனரக வண்டிகள் ஓடும் தளத்துக்கு அதைக் கேட்கவில்லை. பாரம் சுமக்காத சுவர் முகப்பில், ரப்பரின் அதிர்வு தணிக்கும் குணம் முழுதும் பயன்படும்.

நகரத்தின் குப்பை கொடுங்கையூருக்கு வந்தது, அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது, இடிந்த கட்டடங்களும் எங்கள் பக்கமே வருகின்றன. இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட மக்கள் அந்தக் கழிவிலிருந்தே ஒரு சுவர் கேட்டால், 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரிதானா பதில்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அந்தச் சுவரை எழுப்பித் தருமாறும், அதுவரை பள்ளியை ஒட்டிய தளத்திலாவது குறுக்குக் கீறல்களைத் தேய்த்து நீக்கி, நீளவாக்கில் கீறித் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சாலையோரக் குடியிருப்போர் சார்பில்,
ஒரு பெற்றோர்