படம் முடிந்ததும் கருத்து கேட்காதீர்கள்: திரைப்படச் சங்க நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சொந்தக் காசைப் போட்டு, நூலக மாடியிலும் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்திலும் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் உலக சினிமா காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இருபது பேர் வந்தாலே நல்ல கூட்டம். என்னைப் போன்றவர்கள் ஜப்பானிய இயக்குநர் ஓசுவையும் ஈரானிய இயக்குநர் கியரோஸ்தமியையும் நாலு பேரோடு உட்கார்ந்து பார்த்ததே உங்கள் புண்ணியத்தில்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடும்தான்.

விஷயம் இது. படம் தொடங்குமுன் ஒருவர் மைக்கைப் பிடித்து முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார். முடிந்ததும் இன்னொருவர் மைக்கை வாங்கி, "இந்தப் படம் நமக்கு என்ன சொல்ல வருகிறது?" என்று கேட்கிறார். ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்கிறார்கள், கைதட்டல், டீ, கலைந்து போகிறோம். நடுவில் திரையில் ஓடியதே, அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953), டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயதான பெற்றோரின் கதை, அதைத் திரையிட்ட ஓர் இடத்திலும் அப்படித்தான் ஆனது. பெற்றோரைக் கடைசிக் காலத்தில் கைவிடக் கூடாது, முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டன, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலோடு கடமையை முடித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் பேச்சு போனது. பேச வேண்டிய விஷயங்கள்தான், யார் இல்லை என்றது. ஆனால் அதற்கு ஓசு எதற்கு? பெற்றோரைத் தவிக்க விட்ட பிள்ளைகளின் கதையை மேடை நாடகக் காலத்திலிருந்தே நாம் பார்த்து அழுதுகொண்டிருக்கிறோமே.

ஓசு அந்தப் பிள்ளைகள்மீது பழி போடவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? டாக்டர் மகன் ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்புகிறான், அந்த நேரம் பார்த்து ஒரு நோயாளிக்கு உடம்பு மோசமாகிவிடுகிறது, போயாக வேண்டும். படத்திலேயே நல்லவள் என்று நாம் கொண்டாடும் மருமகள் நோரிகோ (செட்சுகோ ஹாரா), போரில் போன கணவனை நினைக்காமலே சில நாள்கள் கழிந்துவிடுகின்றன, நான் நீங்கள் நினைப்பதுபோல் நல்லவள் இல்லை என்று மாமனாரிடமே சொல்கிறாள். 'பெற்றோரைப் போற்று' என்று ஒற்றை வரியில் சுருக்கினால் நோரிகோவின் இந்தப் பேச்சை எங்கே வைப்பீர்கள்?

(படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள், தயவுசெய்து.)

படத்தின் தொடக்கத்தில் ஒனோமிச்சி என்ற ஊரில் உள்ள வீட்டில் கிழவரும் கிழவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டோக்கியோ பயணத்துக்கு மூட்டை கட்டுகிறார்கள். காற்றடைக்கும் தலையணை எங்கே என்று ஒரு சின்னத் தேடல், உங்களிடம்தானே கொடுத்தேன் என்கிறாள் கிழவி, கடைசியில் அவரிடமேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம், முடிவில், அதே அறை, ஏறக்குறைய அதே கோணம். அவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். அதே பெண் அதே ஜன்னலில் வந்து, இனிமேல் தனியாக இருக்க வேண்டுமே என்கிறாள். அழுகை இல்லை, முகத்தை நோக்கி ஓடும் கேமரா இல்லை. முதல் காட்சியில் கிழவி இருந்த இடம் ஃப்ரேமில் காலியாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஓசு முதல் ஐந்து நிமிடத்திலேயே அந்த இடத்தை நம் கண்ணுக்குப் பழக்கிவிட்டதால்தான் இப்போது நெஞ்சை அடைக்கிறது. ரயில் பயணத்தையும் அவர் காட்டவில்லை. மூட்டை கட்டுகிறார்கள், அடுத்து டோக்கியோவின் புகைபோக்கிகள். திரும்பி வரும் வழியில் கிழவிக்கு உடம்புக்கு வந்ததும் அப்புறம்தான் பேச்சுவாக்கில் நமக்குத் தெரிகிறது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் பெரிய காட்சியாக எடுத்திருப்பார்கள்.

கேமரா எப்போதும் பாயில் உட்கார்ந்திருக்கும் ஆளின் கண்ணுக்கும் கீழே, அநேகமாக அசையாமல், 50 மி.மீ. லென்ஸோடு. ஒளிப்பதிவாளர் யுஹாரு அட்சுதா. அந்தக் கிழவராக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இதையெல்லாம் சொன்னால் பார்வையாளர்களுக்குப் புரியாது என்று நினைக்கிறீர்களா? நம் மக்கள் ஒரு மாஸ் படத்தின் இன்ட்ரோ ஷாட்டை எத்தனை கோணத்தில் எடுத்தார்கள் என்று பஸ்ஸில் நின்றுகொண்டே அலசுகிறவர்கள். அவர்களுக்குப் புரியாதா?

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன், படத்தை இழுக்காதீர்கள். பழைய படங்களின் சட்டம் சதுரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும், உயரத்தைப் போல் 1.37 மடங்குதான் அகலம். நம் புரொஜெக்டர் 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், விழட்டும், அதுதான் சரி. திரை நிறைய வேண்டும் என்று யாரோ ஒரு பட்டனை அழுத்த, எல்லோர் முகமும் வீங்கிப்போய்விடுகிறது. இழுக்காமல் ஜூம் செய்தால் இன்னும் மோசம், மேலும் கீழும் வெட்டுப்படும், ஓசு ஒரு டம்ளரையும் கெண்டியையும் எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து அடுக்கிய தரைப்பகுதியே போய்விடும்.

ஒலியும் அப்படித்தான். கியரோஸ்தமியின் 'க்ளோஸ் அப்' (1990) கடைசிக் காட்சியில், மோட்டார் பைக்கில் இருவர் போகும்போது சத்தம் விட்டு விட்டு வரும். மைக் கோளாறு என்று படக்குழுவின் குரலே படத்துக்குள் சொல்லும். அது இயக்குநர் வேண்டுமென்றே செய்தது. தன்னை மக்மல்பாஃப் என்ற இயக்குநராகச் சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்தை ஏமாற்றியவர் நிஜமான மக்மல்பாஃபைச் சந்திக்கும் நேரம் அது, அவர்கள் பேசிக்கொள்வதை முழுதாக நமக்குக் கேட்கத் தராமல் விடுகிறார். நம் திரையிடலில் அந்த நேரத்தில் யாராவது எழுந்து போய் ஸ்பீக்கர் வயரை ஆட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

கொரியப் படம் 'பாரசைட்' (2019) பற்றிச் சுருக்கமாக. வர்க்க வேறுபாடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த மழை இரவில் ஏழைக் குடும்பத்தின் அப்பாவும் மகனும் மகளும் பணக்காரர்களின் மேட்டு வீட்டிலிருந்து தங்கள் வீட்டுக்கு எத்தனை படி இறங்குகிறார்கள், தண்ணீரும் கூடவே எப்படி இறங்குகிறது என்று மட்டும் பேசுங்கள், போதும், வர்க்கம் தானாகப் பேச்சில் வரும்.

அப்புறம், ஒரு படத்தைத் திரையிடவே நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் ஆகெர்மானின் 'ஜான் தியல்மான்' (1975). 2022-இல் பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் சினிமா இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம் வந்தது, பெண் இயக்குநர் ஒருவரின் படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை. எடுத்தபோது ஆகெர்மானுக்கு 25 வயது நிரம்பவில்லை. மூன்று மணி இருபது நிமிடம், பிரஸ்ஸல்ஸில் ஒரு விதவைத் தாயின் மூன்று நாள், பெரும்பாலும் சமையலறையில். "ஒன்றுமே நடக்காதாமே, பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்களே" என்கிறீர்கள்.

நடக்கிறது, ஆனால் நாம் பார்த்துப் பழகிய அளவில் நடப்பதில்லை. முதல் நாள் அவள் ஒவ்வொரு வேலையையும் செய்யும் வரிசை நமக்கு மனப்பாடமாகிவிடுகிறது. வருமானத்துக்காக மதியம் ஓர் ஆண் வந்து போகிறான், அவன் தரும் பணத்தை மேசைமேல் உள்ள பீங்கான் பாத்திரத்தில் போட்டு மூடியை வைக்கிறாள். இரண்டாம் நாள் மூடியை வைக்க மறந்துவிடுகிறாள். உருளைக்கிழங்கு அதிகம் வெந்துவிடுகிறது. அந்தக் கிழங்குப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். கேமரா அசையாமல் நேருக்கு நேர் நிற்கிறது. அந்த இடத்தில் எனக்குக் கை வியர்த்தது. அவளாக நடித்த தெல்ஃபின் செரிக் ஒரு கிழங்கைத் தோல் சீவும் வேகத்தில் அவள் மனம் நொறுங்குவதைக் காட்டுகிறார். முடிவைச் சொல்ல மாட்டேன். வீட்டுவேலை வேலையா என்று பட்டிமன்றம் வைப்பதைவிட, அந்த வேலையை அது எடுக்கும் நேரம் முழுக்க உட்கார்ந்து பார்ப்பது வேறு விதமாக உறைக்கும். சுருக்கிக் காட்டினால் அந்த நேரம் போய்விடும், நேரம் போனால் படமே இல்லை.

ஆகவே கேட்பது இதுதான். முன்னால் கதைச்சுருக்கம் வேண்டாம். பின்னால் "கருத்து என்ன" வேண்டாம். அதற்குப் பதில், படம் முடிந்து ஐந்து நிமிடம் எல்லோரும் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வரட்டும், திரும்பி வந்ததும் ஒரே ஒரு காட்சியை மறுபடி போடுங்கள். 'டோக்கியோ ஸ்டோரி' என்றால் அந்த முதல் அறையையும் கடைசி அறையையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு, "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போடும் நேரம்தான் ஆகும். வழக்கமாக வாயே திறக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் அன்றைக்குப் பேசுவார்கள், பாருங்கள்.

'ஜான் தியல்மா'னை ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள். நோட்டீஸில் படத்தின் நீளத்தை மறைக்காமல் போடுங்கள். ஒளிப்பதிவாளர் பாபெத் மாங்கோல்ட் பெயரையும் சேர்த்து. மதியச் சாப்பாட்டுச் செலவில் என் பங்கைத் தருகிறேன், நாற்காலி போடவும் வருகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒருவன்