ஐடிலிங் சரிசெய்ய உங்கள் வண்டியை ஏன் ஒரு ராத்திரி கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஏனுங்க, ஐடிலிங் செட் பண்றதுக்குப் போயி வண்டிய ராத்திரி விட்டுட்டுப் போகச் சொல்றீங்க? பத்து நிமிஷ வேலைதானுங்களே?" கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஐடிலிங் என்றால், பெடலில் கால் வைக்காதபோது இன்ஜின் தானாக ஓடிக்கொண்டிருக்கும் வேகம். கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டு ஆளுக்குப் பாதிப் பதில் சொல்லி அனுப்பியதில் எங்களுக்கே திருப்தி இல்லை. அதனால் கோயம்புத்தூரில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. வந்தாலும் காற்றைத் திறந்து மூடும் த்ரோட்டில் பாடியைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த மடல் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியவர்களுக்கு, பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோல் பீய்ச்சும் குழல்) போட்டவர்களுக்கு, டர்போ ஏற்றியவர்களுக்கு, தனி ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) வைத்து ஓட்டுபவர்களுக்கு. செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் 1,500 ஆர்பிஎம்மில் நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அவிநாசி ரோட்டு நெரிசலில் ஏசியோடு நிற்க வேண்டிய வண்டிக்கு அது சரிப்படாது.

ஒரு வண்டியை வைத்தே சொல்கிறோம். பழைய ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். கேம் மாற்றி, நிமிஷத்துக்கு 550 சிசி ஊற்றும் இன்ஜெக்டர் போட்டு, தனி ஈசியூவில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே 7,000 வரை அருமையாகப் போகும். நின்றால்தான் வம்பு. ஆர்பிஎம் முள் 600-க்கு இறங்கும், 1,500-க்குத் தாவும், மறுபடி இறங்கும். கிளட்ச்சை மிதித்துக்கொண்டு சிக்னலில் வந்து நிற்கும்போது இரண்டில் ஒரு தடவை ஆஃப்.

பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது த்ரோட்டில் ஸ்டாப் ஸ்க்ரூ. யாரோ மூன்று சுற்று உள்ளே முறுக்கி வைத்திருந்தார்கள். இது எங்கும் நடக்கிற வைத்தியம்தான். ஐடிலிங் குறைந்தால் ஸ்க்ரூவைத் திருப்பு, காற்று கூடும், ஆர்பிஎம் ஏறும். ஆனால் த்ரோட்டில் கொஞ்சம் திறந்தே நிற்பதைப் பார்க்கும் ஈசியூ, டிரைவர் பெடலில் கால் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறது. ஐடிலைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அப்படியே விட்டுவிடுகிறது. ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, த்ரோட்டில் திறப்பைச் சொல்லும் சென்சாரை மறுபடி பூஜ்யத்துக்கு வைத்தோம். வண்டி ஸ்டார்ட் ஆகி மூன்று நொடியில் நின்றுபோனது. நோயை மூடி வைத்திருந்த துணியை எடுத்தாயிற்று, அவ்வளவுதான்.

அடுத்து, காற்று எங்கே கசிகிறது என்று பார்க்கப் புகை. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் வழியாகப் புகையை மெல்ல அழுத்தி அனுப்பிவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். அன்றைக்கு இன்டேக் மேனிஃபோல்டின் நான்காவது சிலிண்டர் ஓரத்தில், ஊதுபத்தியிலிருந்து கிளம்புகிற மாதிரி ஒரே ஒரு நூல் எழுந்தது. கேஸ்கெட் அங்கே கிள்ளி எடுத்ததுபோல் உடைந்திருந்தது. பிரேக் பூஸ்டர் ஹோஸிலும் கிளாம்ப் தளர்வு. கார்புரேட்டர் கிளீனரை அடித்துச் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. சூடான ஹெடருக்கு (எக்ஸாஸ்ட் குழாய்) பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். இந்த மாதிரி லீக் இருக்கும்வரை லேப்டாப்பைத் திறப்பதில் பிரயோசனமில்லை. இன்று ஈசியூவுக்குச் சரியாக மேப் (எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்ற கணக்கு) போட்டாலும், நாளைக்கு விரிசல் கொஞ்சம் பெரிதானால் எல்லாம் போச்சு.

அப்புறம்தான் டியூனிங். இந்த வண்டியின் பழைய இன்ஜெக்டர் ஐடிலில் ஒவ்வொரு தடவையும் 2 மில்லி செகண்டுக்கு மேல் திறந்திருக்கும். புதியது இரண்டு மடங்குக்கு மேல் ஊற்றுவதால், அதற்குக் கிடைக்கும் நேரம் 1 மில்லி செகண்டைச் சுற்றித்தான். இதில் ஒரு சங்கடம் உண்டு. கரண்ட் கொடுத்தவுடன் இன்ஜெக்டர் திறந்துவிடாது. 14 வோல்ட்டில் அது அசைந்து திறக்கவே ஏறக்குறைய 1 மில்லி செகண்ட் ஆகும், வோல்டேஜ் குறைந்தால் இன்னும் தாமதம். இந்தத் தாமதத்தை ஈசியூவுக்குச் சரியாகச் சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்குகிறது, வோல்டேஜ் 12.5-க்கு இறங்குகிறது, பெட்ரோல் குறைகிறது, ஆர்பிஎம் சரிகிறது, ஆல்டர்னேட்டர் இன்னும் குறைவாகக் கொடுக்கிறது, வோல்டேஜ் மேலும் இறங்குகிறது. "ஃபேன் போட்டா வண்டி நிக்குதுங்க" என்று நீங்கள் சொல்வது இதைத்தான். அதனால்தான் இன்ஜெக்டரின் பார்ட் நம்பரை இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறோம். டப்பா இல்லாத, பேர் தெரியாத மலிவு இன்ஜெக்டர் என்றால் நான்கும் நான்கு விதமாக ஊற்றும். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

கேம் கதை வேறு. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் பெரிய கேமில் அதிகம். மேலே அதுதான் பவர். கீழே, எரிந்த புகை கொஞ்சம் இன்டேக் பக்கமே திரும்பிவிடுகிறது. பழைய கேமில் 30 கிலோபாஸ்கல் பக்கம் ஆடாமல் நின்ற மேனிஃபோல்ட் அழுத்தம், இந்த வண்டியில் 50-க்கும் 60-க்கும் நடுவே துடித்துக்கொண்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஈசியூ பெட்ரோல் அளக்கிறது. எண் துடித்தால் பெட்ரோலும் துடிக்கும். எக்ஸாஸ்டைப் பார்த்துப் பெட்ரோல் கலவையைச் சொல்லும் வைட்பேண்ட் மீட்டரும் கொஞ்சம் ஏமாற்றும். எரியாமல் தப்பிய காற்றைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் போதவில்லை என்று காட்டும். அதை நம்பி ஊற்றிக்கொண்டே போனால் பிளக் கறுத்துவிடும். இங்கே மீட்டரைவிடக் காதைத்தான் நம்புகிறோம். ஐடிலில் மட்டும் அழுத்தத்துக்குப் பதிலாக த்ரோட்டில் திறப்பை வைத்துப் பெட்ரோல் அளக்கும்படி மாற்றி, ஐடிலை 1,000-க்கு ஏற்றினோம். பெரிய கேம் வைத்துக்கொண்டு கம்பெனி வண்டி மாதிரி 750-இல் பூனைபோல் நிற்க வேண்டும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

முள்ளின் ஆட்டத்தைக் கடைசியில் அடக்கியது ஸ்பார்க். கூடுதலாகத் திறந்த காற்று மேனிஃபோல்டை நிரப்பி சிலிண்டருக்குப் போய்ச் சேரச் சில சுற்றுகள் ஆகும். ஸ்பார்க் அடுத்த அடியிலேயே பேச்சைக் கேட்கும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வர 14 டிகிரி முன்னால் ஸ்பார்க் விழும்படி டைமிங்கை நிறுத்தி, ஆர்பிஎம் 100 இறங்கினால் 4 டிகிரி கூட்டவும், ஏறினால் குறைக்கவும் சொல்லி வைத்தோம். ஐடிலிலேயே 28 டிகிரி கொடுத்திருக்கும் மேப்புகளும் எங்களிடம் வருகின்றன. கேட்க மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் விழும்போது தூக்கிவிடக் கையில் மிச்சம் ஏதும் இருக்காது. ஐடிலுக்குக் காற்று கொடுக்கும் வால்வை நிதானமாகத்தான் அசைக்க வேண்டும். சைக்கிள் பழகும் பையன் ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டித் திருப்புவான் இல்லையா, ஹண்டிங் (முள் ஏறி இறங்கி ஆடுவது) என்பது பாதி நேரம் அதேதான்.

ஏசிக்கு வயரிங் வேலையும் இருந்தது. ஈசியூ மாற்றியபோது ஏசி சுவிட்சை நேராகக் கம்ப்ரசருக்கே கொடுத்திருந்தார்கள். இப்போது சுவிட்ச் போட்டதும் ஈசியூவுக்குத் தகவல் போகிறது. அது முதலில் காற்றைத் திறந்துகொண்டு, அரை நொடி கழித்துக் கம்ப்ரசரைச் சேர்க்கிறது.

சரி, ராத்திரி எதற்கு? மேலே சொன்ன அத்தனையும் சூடான இன்ஜினுக்கு. குளிர்ந்த இன்ஜினுக்குத் தனிக் கணக்கு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது எவ்வளவு பெட்ரோல், பிடித்துக்கொண்ட பிறகு எவ்வளவு, இன்ஜின் சூடு 30 டிகிரியில் எவ்வளவு, 60-இல் எவ்வளவு என்று படிப்படியாகப் போகும். ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டால் அன்றைய பரீட்சை முடிந்தது. இன்ஜின் முழுக்க ஆறப் பல மணி நேரம் வேண்டும். தோசை மாவு மாதிரி, அவசரப்படுத்த முடியாது. காலை 6 மணிக்கு வந்து, சாவியைத் திருப்பி, அந்த முதல் இரண்டு நிமிஷத்தைப் பதிவு செய்வதற்காகத்தான் உங்கள் வண்டி ராத்திரி இங்கே நிற்கிறது. அது சரியாக வராவிட்டால் இன்னொரு ராத்திரி. அந்த சிட்டிக்கு மூன்று.

அதற்குப் பிறகும் நாங்கள் ஒன்றைக் கோட்டைவிட்டோம். வண்டி டெலிவரி ஆன மறுவாரம், ஊட்டி சேரிங் கிராஸிலிருந்து போன். கறுப்புப் புகை, ஐடிலே இல்லை. இங்கே காற்றழுத்தம் 96 கிலோபாஸ்கல் பக்கம். 2,240 மீட்டர் உயரத்தில் 77-தான். ஐடிலை த்ரோட்டில் திறப்பை வைத்து அளக்கச் சொன்ன நாங்கள், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் பெட்ரோல் அப்படியே போயிருக்கிறது. பிளக் நனைந்துவிட்டது. திருத்தமும் புது பிளக்கும் எங்கள் செலவு. அதிலிருந்து மேட்டுப்பாளையம் தாண்டிப் போய்ப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் பில் போடுவதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். சில வருஷங்களுக்கு முன்பு மேப் போட்டவர்கள், பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதை மனதில் வையுங்கள். 10 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இதற்கு 4 சதவீதம் போலக் கூடுதலாக ஊற்ற வேண்டும். எக்ஸாஸ்டைப் பார்த்துப் பெட்ரோலைச் சரிசெய்யும் ஓ2 சென்சார் திருத்தம் இல்லாமல் ஐடில் ஓடும் வண்டிகளில் இது நன்றாகவே தெரியும்.

அடுத்தது ஆக்டேவியா 1.8 டர்போ வைத்திருக்கும் தம்பிகளுக்கு. உங்கள் இன்ஜினில் காற்றை முன்னாலேயே அளந்துவிடுகிறார்கள். அளந்த காற்றை "ஸ்ஸ்" என்று வெளியே விடும் வால்வைப் போட்டால், ஈசியூ அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றிவிடும். பெடலை விட்டதும் வண்டி நிற்பது அதனால்தான். இதற்கு டியூனிங் வேண்டாம், பழைய வால்வை மாட்டிக்கொண்டு வாருங்கள், சும்மாவே பார்த்துத் தருகிறோம்.

வரும்போது பழைய மேப் ஃபைல், இன்ஜெக்டர் பார்ட் நம்பர், கேம் கார்டு (கேமோடு வரும் அளவுச் சீட்டு) மூன்றையும் கொண்டுவாருங்கள். டேங்கில் பாதியாவது பெட்ரோல் இருக்கட்டும். புகைச் சோதனையில் வெறும் ஹோஸ்தான் பிரச்சினை என்று தெரிந்தால் டியூனிங்குக்குக் காசு வாங்கமாட்டோம். சாயங்காலம் 5 மணிக்குள் வண்டியை விட்டால் மறுநாள் காலை கோல்ட் ஸ்டார்ட்டுக்குச் சரியாக இருக்கும். சனிக்கிழமை விட்டால் திங்கட்கிழமைதான் எடுக்க முடியும், ஞாயிறு எங்களுக்கு லீவு.

இப்படிக்கு,
உங்கள் ஒர்க்‌ஷாப்பார்