மூன்றாவது பெட்டி

அண்ணா,

இன்று காலை வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டேன். அதே அறைதான், அதே மேசைதான். கதிரையில் இருப்பவர் மட்டும் வேறு ஆள். சீசன் நடுவில் போகிறாயே என்று கேட்டார். பேசாமல் நின்றேன்.

உங்கள் மகள் இதை வாசிப்பாள், உங்களுக்கும் வாசித்துக் காட்டுவாள் என்று தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதும் தெரியும். ஹோட்டலின் பெயரை எழுதப் போவதில்லை. திருகோணமலை உப்புவெளிக் கரையில் எத்தனையோ ஹோட்டல்கள். எங்களோடு நின்ற பொடியன்கள் சிலர் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள், அவர்களுக்கு இந்த மாதமும் சம்பளம் வேண்டும்.

2019 ஏப்ரல் 21, அந்த ஈஸ்டர் ஞாயிறு பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் கரைக்கு மே மாதம்தான் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். குண்டு வெடித்தது அதற்குப் பத்து நாள் முன்னால். செத்தவர்களை நினைத்தால் எங்கள் கஷ்டத்தைக் கஷ்டம் என்று சொல்லவே வாய் கூசியது. ஆனாலும் வயிறு இருந்தது. பில்லில் ஏறுகிற பத்து வீதச் சேவைக் கட்டணத்தை ஆளாளுக்குள்ள புள்ளிப்படி பிரித்துத் தருவதுதான் எங்களுக்கு உண்மையான சம்பளம். பில்லே இல்லாவிட்டால் எதில் பத்து வீதம்?

அந்த வெறும் சாப்பாட்டறைதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது. ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு பின்னேரமும் இருபத்திரண்டு மேசையையும் நீங்கள் விரிக்க வைத்தீர்கள். நேற்றுத் துடைத்த கிளாஸை இன்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் துடைத்தோம். கடல் இரைச்சல், மின்விசிறிச் சத்தம். “செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்” என்று நீங்கள் சொல்லிவிட்டு, “எங்களுக்குச் செல்விருந்தும் இல்லை, வருவிருந்தும் இல்லை, பார்த்திருக்கிற வேலை மட்டும் இருக்கு” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்த மாதம் தங்கச்சியின் டியூஷன் காசு கட்டவில்லை.

எனக்கு வேலை பழக்கிய விதமும் அப்படித்தான். வேறு இடங்களில் ஸ்டூவர்ட் பொடியனுக்குத் தட்டு வைக்கிற பக்கத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள். நீங்கள் குறுந்தொகை சொன்னீர்கள். தயிரைக் கையால் பிசைந்து, தாளித்த புகை கண்ணில் பட்டும் பாராமல் சமைத்துக் கொடுக்கிறாள். அவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகம் ‘நுண்ணிதின்’ மகிழ்ந்தது என்கிறார் கூடலூர் கிழார். “விளங்குதா? ஆள் முதல் வாய் வைக்கேக்க முகத்தைப் பார். பாக்கிறாய் எண்டு அவருக்குத் தெரியக்கூடாது. நல்லாயிருக்கு எண்டால் பல்லைக் காட்டாதே. நுண்ணிதின்.” இன்றுவரை புதுப் பொடியன்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நீங்கள் பதினாலு வயதில் நின்ற கதையையும் அவர்களிடம் சொல்வேன். ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பற்றிஸ் கொண்டுபோய் வைப்பது, ஆள் எழும்பியதும் மிச்சத்தை எண்ணிக் கல்லாவுக்குக் கத்துவது. “வயித்துக்குள்ள போனதை எண்ண ஏலாது தம்பி. தட்டில கிடக்கிறதைத்தான் எண்ணலாம்.”

சரி, அந்த இரவுக்கு வருகிறேன்.

முப்பது பேர் வருவதாகச் சொன்ன கூட்டம், வழியில் இருக்கிறோம் என்று கூடச் சொல்லிவிட்டு, வராமல் போனது. குசினி சமைத்து முடித்துவிட்டது. பாரை மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், மஞ்சள் சோறு. பத்தரை மணி வரை மூடியைத் திறந்து திறந்து பார்த்தோம். பத்தரைக்கு மேல் எல்லாம் வாளிக்குள் போகவேண்டும், விடிய பன்றிப் பண்ணை ஆள் வந்து எடுப்பார். வெளியே ஒரு பருக்கையும் போகக்கூடாது என்பது சட்டம், கேற்றில் பையைத் திறந்து பார்ப்பார்கள். லாண்டரியில் நின்ற அந்த அம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நீங்கள் பெட்டி கட்டினீர்கள். நான் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழம்பு வழியாமல் இருக்க வாழையிலைத் துண்டை மடித்து மூடிக்கு அடியில் வைத்தீர்கள், அப்போதும் உங்களுக்கு நேர்த்தி வேண்டும். அம்மாவுக்கு ஒன்று. உங்கள் வீட்டுக்கு ஒன்று.

மூன்று பெட்டி அண்ணா. இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது என்னுடையது.

இரண்டு நாள் கழித்து அந்த அறைக்குள் கூப்பிட்டார்கள். என்ன கேட்டார்கள், யார் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் ஒரு கேள்வி: “நீ கண்டியா?” ஓம் என்றேன். அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை. கேட்டார்கள், கண்டேன், சொன்னேன். பெட்டி எத்தனை என்று கேட்கவில்லை, நான் எண்ணிச் சொல்லவும் இல்லை. இருவரில் ஒருவரைத்தான் வைத்திருக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது, அது உங்களுக்கும் தெரியும். எனக்கு இருபத்து மூன்று வயது. வீட்டில் சம்பளம் எடுக்கிற ஆள் நான் மட்டும். உங்களுக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால், நினைக்க முயன்றேன்.

என்னை மன்னிக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் ஏன் சொல்லவில்லை? அடுத்ததாக உங்களைத்தானே கூப்பிட்டார்கள்? “அவனும் ஒரு பெட்டி கொண்டு போனவன்” என்று ஒரு வசனம் போதும். நானும் போயிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். நீங்கள் வாயைத் திறக்காமல், ஏப்ரனை நாலாக மடித்துக் கவுண்டரில் வைத்துவிட்டு, வாசலில் என்னைக் கண்டபோது “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். அந்தக் கேள்வியோடு நான் இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறேன். ஒருவரைத் தண்டிக்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா? பெரிய மனிதராக இருப்பது உங்களுக்குச் சுலபமாக வந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் பாரம்.

ஆபுத்திரன் கதையை நீங்கள் எப்போதும் பாதியில்தான் நிறுத்துவீர்கள். இந்திரன் மழையைப் பெய்ய வைத்தான், பசி இல்லாமல் போனது, அமுதசுரபியைக் கையில் வைத்துக்கொண்டு வாங்க ஆளில்லாமல் நின்றான் என்று சொல்லி, வெறும் மேசைகளைக் காட்டுவீர்கள். மிச்சத்தைப் பிறகு நானே மணிமேகலையில் தேடி வாசித்தேன். பசித்தவர்களைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் இறங்குகிறான். அவனும் ஏறிவிட்டான் என்று நினைத்து மாலுமி கப்பலை எடுத்துவிடுகிறான். தனக்கு மட்டும் சோறு போட அந்தப் பாத்திரம் எதற்கு என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, பட்டினி கிடந்து சாகிறான்.

வாசித்தபோது எனக்கு ஆபுத்திரன் மேல் இரக்கம் வரவில்லை. அந்த மாலுமியைத்தான் நினைத்தேன். எண்ணிப் பார்க்காமல் கப்பலை எடுத்தவன்.

2020இல் ஊரடங்கு வந்து ஹோட்டலை மூடினார்கள். திரும்பத் திறந்தபோது உங்கள் இடத்தை எனக்குத் தந்தார்கள். சாப்பாட்டறைக் கேப்டன். வாழ்த்துச் சொன்னவர்களில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன், அதற்கும் காரணம் சொல்லலாம், சொல்லவில்லை. ஏன் இப்போது விடுகிறேன் என்று கேட்டால், போன கிழமை ஒரு ட்ரெய்னிப் பொடியன் இரண்டு துண்டு கேக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்கதவால் போனான். கேற் ஆள் என்னிடம் வந்து, “நீங்கள் கண்டீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றிரவே கடிதத்தை எழுதிவிட்டேன்.

நிலாவெளி ரோட்டில் உங்கள் கடையை பஸ்ஸில் இருந்து நாலைந்து தரம் பார்த்திருக்கிறேன். ஒருநாள் யாரோ சாப்பிட்டு எழும்ப, குனிந்து தட்டில் மிஞ்சியதை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். தலை நல்லாய் நரைத்துவிட்டது. நான் இறங்கவில்லை.

நீங்கள் லொக்கரில் விட்டுப்போன ஓப்பனர் என்னிடம்தான் இருக்கிறது. நோட்டீஸ் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் அதைக் கொண்டு வருவேன். எல்லாரையும் ஆறு மாதத்தில் முழுப் புள்ளிக்கு ஏற்றிவிட்டு, என்னை மட்டும் பதினாலு மாதம் அரைப் புள்ளியில் வைத்திருந்தீர்களே, புள்ளிப் பட்டியல் எழுதினது நீங்கள்தானே. அதையும் கேட்பேன்.