போதுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கல்விக் கடன் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தது, "வட்டி குறைவாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்" என்று நிஜமாகவே அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான். அச்சாகியிருந்தது.

நானும் என் மகளுக்கு அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். நான்கு இடங்களில் விசாரித்து, நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்தேன். ஒரு வங்கியில் 10.5 சதவீதம், 7 வருடத் தவணை. இன்னொன்றில் 9.5 சதவீதம், 15 வருடம். வட்டியும் குறைவு, மாதத் தவணையும் குறைவு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இரண்டாவதில் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் என் தம்பி உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினான். அசலில் ஒவ்வொரு நூறுக்கும் முதல் வங்கியில் வட்டியாக ஏறக்குறைய 42 போயிருக்கும். நான் தேர்ந்தெடுத்த இடத்தில் 88. ஒரு சதவீதம் மிச்சம் பிடித்த கெட்டிக்காரி நான்! அந்த 88கூட வட்டி ஏறாமல் இருந்தால்தான். ஏறியது. 'மாறும் வட்டி' என்பது பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்திருக்கிறது.

சரி, அது என் அவசரம். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்றார்களே, அது? கட்ட வேண்டாம் என்றால் வட்டியும் ஓடாது என்று நினைத்துவிட்டேன். ஓடிக்கொண்டேதான் இருந்தது. படிப்பு முடிந்ததும் அசலோடு போய் ஒட்டிக்கொண்டு, வட்டிக்கு வட்டி ஆரம்பமானது. மாதாமாதம் அந்த வட்டியை மட்டுமாவது கட்டி வந்திருந்தால் அசல் அசலாகவே நின்றிருக்கும். இதைச் சொல்ல மேனேஜருக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. காப்பீட்டை மட்டும் கேட்காமலே சேர்த்துவிட்டார்.

மகளின் தோழி வீட்டில் இன்னும் மோசம். ஃப்ளாட் வட்டி 10 சதவீதம் என்றதும் சந்தோஷமாக வாங்கிவிட்டார்கள். திருப்பிக் கட்டிவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி என்று அதற்கு அர்த்தம். 5 வருடக் கடனில் அது, குறைந்துவரும் அசலுக்குப் போடும் ஏறக்குறைய 17 சதவீத வட்டிக்குச் சமம். உங்கள் கட்டுரையில் 'ஃப்ளாட்' என்ற சொல்லே கிடையாது.

ஜாமீன் பற்றி ஒரே ஒரு வரி: "உறவினர்கள் கையெழுத்திடலாம்." இடலாம், இடலாம். என் அண்ணன் இட்டார். பிறகு வீட்டுக் கடன் கேட்டுப் போனபோதுதான் என் மகளின் கடன் தன் கணக்கிலும் நிற்பது அவருக்குத் தெரிந்தது. அண்ணி அன்றிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறார்.

சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே வருமான வரியோடு சேர்த்துத் தவணை பிடிக்கும் முறை ஆஸ்திரேலியாவில் 1989 முதல் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாம். எதிர்ப் பக்கத்தில் "5 நிமிடத்தில் ஒப்புதல்" என்ற கடன் விளம்பரத்துக்கு முழுப் பக்கம் கிடைத்திருக்கிறதே!

இதே விஷயத்தைப் பற்றி முன்பும் ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும். அந்த இதழில் குறுக்கெழுத்துப் புதிர் மட்டும் இரண்டு வந்திருந்தன.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை கடன்களை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது, வட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து, கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று. இடம் போதவில்லை என்றால், 'போதும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் உங்கள் வாசகி